எழும்பாதேங்கோ, அம்மா

போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கிற பிசியோதெரபிஸ்ட் அவள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறார்களாம். முகநூல், வட்ஸ்அப் வழியாக முதியவர்களின் நலிவு பற்றிய அறிவைச் சனத்திடம் கொண்டுபோவது எப்படி என்பது தலைப்பு.

"மிஸ், உங்கடை அனுபவத்தை ஒரு கட்டுரையா எழுதித் தாங்கோ. எங்கடை ஆக்களுக்குள்ளை உங்கடை வீடியோதானே உலகம் முழுக்கப் போனது," என்றாள்.

"போனதுதான் பிள்ளை. அதுதான் வில்லங்கம்," என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஆனால் இது பயிற்சியில் வாசித்துக் கைதட்ட ஏற்றதாக இராது. பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

கொழும்பில் படித்து முடித்து நான் வேலையில் சேர்ந்தது யுத்த காலத்தில். அந்த வருடங்களை இங்கே விரிக்கப் போவதில்லை. கால் போன இளம் பிள்ளைகளுக்குப் பொய்க்கால் பூட்டி நடக்கப் பழக்கியதிலேயே என் சேவையின் பாதி போயிற்று. சண்டை ஓய்ந்த பிறகுதான் வயதுபோனவர்களை நிமிர்ந்து பார்க்க எங்களுக்கு நேரம் வந்தது. பார்த்தால், வீடுகளில் மிஞ்சி இருந்ததே அவர்கள்தான். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில்.

எனக்குத் தொழில் பழக்கியவர் எங்கள் தலைமைப் பிசியோ. பெரியசேர் என்போம். நெடுவல் மனிதர், அதிகம் கதைக்க மாட்டார், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். கட்டில் ரிக்கற் என்று நாங்கள் சொல்கிற, நோயாளியின் விபரமெல்லாம் எழுதிய தாள்கட்டை அவர் முதலில் வாசிக்கவே மாட்டார். அதைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் எப்படி உள்ளே வருகிறது? சுவரைத் தடவிக்கொண்டு வருகிறதா? ஏதும் கேட்டால் நடந்துகொண்டே பதில் சொல்கிறதா, நின்றுதான் சொல்கிறதா? கதைப்பதற்காக நிற்க வேண்டி வந்தால் அவருடைய புருவம் சுருங்கும்.

பிறகு கைப்பிடி இல்லாத மரக்கதிரை. "கையை நெஞ்சிலை கட்டிக்கொண்டு ஐஞ்சுதரம் எழும்பி எழும்பி இருங்கோ பாப்பம்" என்பார். கூட வந்த மகளோ மருமகளோ பதறிப்போய்க் கமக்கட்டுக்குள் கைகொடுக்க ஓடிவந்தால், "ஆருக்கு வருத்தம், உங்களுக்கோ? அப்ப அங்காலை போய் இருங்கோ" என்பார். அதன் பிறகு கெண்டைக்கால். நோயாளியின் இரண்டு கைப் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து ஒரு வளையம் போலாக்கி, அவருடைய கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கச் சொல்வார். விரல்கள் ஒன்றையொன்று எட்டாவிட்டால் நல்லது. எட்டியும் உள்ளே இடைவெளி தெரிந்தால் தசை கரைகிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரிக்கற்றை நிமிர்த்துவார்.

ஒருமுறை குருநகரைச் சேர்ந்த ஒரு முதியவர், ஆயுள் முழுக்கக் கடலில் நின்றவர், என் பயிற்சியில் நடந்துகொண்டிருக்கும்போது விழுந்துவிட்டார். நெற்றி வெடித்து இரத்தம். மகள்மார் குளறின குளறலில் வாட்டே கூடிவிட்டது. பெரியசேர் அப்போது அந்த அறையிலேயே இல்லை. வந்தார், காயத்தைக் கட்டுவித்தார், ரிக்கற்றை எடுத்து, 'பிடிக்காமல் நடக்க விடும்படி சொன்னவன் நான். விழுந்ததற்கு நானே பொறுப்பு. நாளைக்கும் நடத்துவோம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மேலிடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதைப் பற்றி அவர் எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை அந்த மனிதரைத் தானே பக்கத்தில் நின்று நடத்தினார்.

"கட்டிலோடை கட்டிப்போட்டால் ஒருத்தரும் விழமாட்டினம் பிள்ளை. அது வைத்தியமில்லை," என்றார். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற வருடம் கொரோனா வந்து எல்லாக் கதவையும் மூடியது. வீட்டுக்குள் இருந்து விசர் பிடிக்கிற நிலையில் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். இணுவிலில் என் வீட்டுக் குசினிதான் கலையகம். மா போட்டு வைக்கிற பேணியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, மரக்கதிரையில் எழும்பி எழும்பி இருந்து காட்டுவேன். சொல்ல நினைத்தது ஒரே ஒரு விடயம். எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் 'வயசு போட்டுது' என்ற ஒரு சொல்லால் மூடிவிடுகிறார்கள். உடம்பு வற்றினாலும் வயசு போட்டுது, போத்தல் மூடி திறக்க ஏலாவிட்டாலும் வயசு போட்டுது, வீதியைக் கடந்து முடிக்க முன்னம் ஓட்டோக்காரன் கோர்ண் அடித்தாலும் வயசு போட்டுது. அது வயது மட்டுமில்லை, நலிவு. நேரத்தோடு கண்டுபிடித்தால், சாப்பாட்டாலும் நடையாலும் கதிரையில் எழும்பி இருப்பதாலும் கொஞ்சமாவது திருப்பலாம்.

யார் கேட்டார்கள்? "எந்த எண்ணெய் பூசினால் நல்லது மிஸ்?" என்பதுதான் கீழே வருகிற கேள்வி. நான் எண்ணெயைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை! பயறு, கடலை, உழுந்து, தயிர் கூட்டிச் சாப்பிடுங்கள், எழுபது தாண்டியவர்கள் கிழமைக்கு மூன்று நாள் ஒருபொழுது விரதம் இருக்காதீர்கள் என்று சொன்னதற்கு, சமயத்தில் கை வைக்கிறேன் என்று பேச்சு வாங்கினேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு ஐயா என்னை மறித்து, "பிள்ளை, உம்மடை வீடியோ ஒண்டும் விடாமல் பாக்கிறனான்" என்றார். மகிழ்ந்துபோய், எழும்பி இருக்கிற பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டேன். "அதுக்கென்ன, படுத்துக்கிடந்து வடிவாப் பாக்கிறனான்" என்றார். தலையில் அடித்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்படியே போனதில் எனக்குக் கோபம். சனம் பயந்தால்தான் பார்க்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் செய்த பிழை இங்கேதான் தொடங்குகிறது, அதை மற்றவர் தலையில் போட மாட்டேன். ஒரு நாள் போனைப் பார்த்து, "வயதுபோனவர் ஒருக்கால் விழுந்தால் காணும், அதோடை சரி. இடுப்பெலும்பு முறிஞ்சால் கட்டில், கட்டிலிலை போனால் திரும்பி எழும்புறது வலு கஷ்டம். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையள், உங்கடை அம்மா இப்ப என்ன செய்யிறா எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று தொடங்கினேன். குரலை வேண்டுமென்றே உயர்த்தினேன். அதன் பிறகுதான், ஆகவே தினமும் எழும்ப விடுங்கள், நடக்க விடுங்கள், காலில் பலம் இருந்தால்தான் விழாமல் இருக்கலாம் என்று மருந்தைச் சொன்னேன். பயம் முதல் பாதி, மருந்து இரண்டாம் பாதி.

யாரோ ஒரு செய்திப் பக்கக்காரன் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து, சோகமான வயலின் இசை போட்டு, 'பெற்றோரைத் தனியே எழும்ப விடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் தலைப்பும் போட்டு முகநூலில் விட்டுவிட்டான். அது போன வேகம்! கனடா, சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லாம் சுற்றி, என் சொந்தத் தங்கச்சி நோர்வேயிலிருந்து எனக்கே அனுப்பி, "அக்கா, இதைப் பார், நல்ல தகவல்" என்றாள். என் பக்கத்தில் கும்பிடுகிற கைகள் குவிந்தன. பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு மூன்று நாள் எனக்குப் புளுகமாக, உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

பரமேஸ் அக்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். எழுபத்தெட்டு வயது, கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் சுதன் கனடாவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. முற்றம் கூட்டுவது, கொக்கத்தடியால் கொப்பை வளைத்துப் பூ ஆய்வது, வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலுக்கு நடந்து போவது எல்லாம் தானே. ஒரு நாள் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, தொடையில் இரத்தம் கன்றிய கண்டல் மட்டும். நான் போய்ப் பார்த்தேன். கைப்பிடி இல்லாத கதிரையில் ஐந்து தரமும் கை ஊன்றாமல் எழும்பினார். கெண்டைக்காலில் விரல் எட்டவில்லை.

"என்ன பிள்ளை, உன்ரை கதிரைச் சோதினையிலை நான் பாஸோ?" என்றார்.

"முதலாம் பிரிவிலை பாஸ் அக்கா. கிணத்தடிப் பாசியைத்தான் உரஞ்ச வேணும்," என்றேன்.

அதையே சுதனுக்கும் எழுதினேன். கிணற்றடியைச் சுரண்டி உரஞ்சுவியுங்கள், பிடிக்க ஒரு குழாய் பூட்டுங்கள், மூக்குக்கண்ணாடியை மாற்றுங்கள், மற்றும்படி அம்மாவை அவர் பாட்டுக்கு விடுங்கள் என்று. அவர் பதிலுக்கு அனுப்பியது என் முகம். வெட்டின அந்தக் காணொளி. கீழே, 'அன்ரி, இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை' என்று எழுதியிருந்தார்.

இரண்டு கிழமைக்குள் ஆட்கள் வந்து விறாந்தை, நடுவறை, குசினி, முற்றம் எல்லா இடமும் கமரா பூட்டினார்கள். கதைக்கிற கமரா. கிணற்றடிக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. லீலா என்று ஒரு பெண் காலையிலிருந்து பின்னேரம் வரை உதவிக்கு வந்தாள், இரவுக்கு இன்னொருவர். நான் ஒரு காலை அங்கே இருந்தபோது பரமேஸ் அக்கா எனக்குத் தேத்தண்ணி போடுவதற்கு எழும்பினார். சுவரிலிருந்து சுதனின் குரல் வெடித்தது.

"அம்மா! எழும்பாதேங்கோ! எங்கை எழும்பிறியள்? லீலா எங்கை?"

நானே திடுக்கிட்டுப்போனேன். அக்கா அப்படியே கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கே ஒரு ஆள் விழலாம்.

"ஏன் அக்கா பயப்பிடுறியள்? உங்கடை வீடு, உங்கடை கால்," என்றேன், கமராவுக்கும் கேட்கட்டும் என்று.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கென்ன பயம்? அவன் வேலையிலை நிண்டுகொண்டும் போனைப் பாக்கிறான் பிள்ளை. நான் எழும்பினால் அவனுக்கு நெஞ்சு பதறுதாம். மிசினுக்குள்ளை கையைக் கிய்யைக் குடுத்திடுவானோ எண்டு எனக்கு ஒரே யோசினை. நான் இருந்தால் அவன் நிம்மதியா வேலை செய்வான்."

இத்தனை வருட சேவையில் நோவுக்குப் பயந்து எழும்பாதவர்களைக் கண்டிருக்கிறேன், சோம்பலில் எழும்பாதவர்களைக் கண்டிருக்கிறேன். மகனின் கைக்காகத் தன் காலைக் கொடுக்கிற ஆளுக்கு என்னிடம் பயிற்சி இருக்கவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. மறுபடி போய்ப் பார்த்தபோது அக்கா கதிரைச் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி, மூன்றாம் முயற்சியில்தான் எழும்பினார். பகல் முழுக்க ரஸ்க்கும் தேத்தண்ணியும். பசிக்கிறதில்லையாம். இருந்த இடத்தில் இருந்தால் எப்படிப் பசிக்கும்? இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது பிடித்தால் இந்தக் கால்களைத் திருப்பலாம், விட்டால் போய்விடும் என்று தெளிவாகத் தெரிந்தது.

வீட்டில் கமரா இல்லாத இடம் சாமியறை ஒன்றுதான். சாமியைக் கமராவுக்குள்ளால் பார்ப்பது சரியில்லை என்று சுதனே விட்டுவிட்டார். "அப்ப அங்கை கதிரையைப் போடுவம்," என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "முருகன் பாத்தாலும் பறவாயில்லை, அவர் சுதனுக்குச் சொல்லமாட்டார்."

தினமும் காலை பூசை நேரம். லீலா அக்காவைச் சாமியறையில் விட்டுவிட்டுக் குசினிக்குப் போவாள். நான் சாமியறைக்கு நேரே திறக்கிற பின் கதவால் வருவேன். வெளியே சந்தேகம் வரக்கூடாது என்று அக்கா தேவாரம் பாடுவார். ஒவ்வொரு அடிக்கும் ஒருதரம் எழும்பி இருக்க வேண்டும். முதல் நாள் இரண்டாம் அடியிலேயே மூச்சு முட்டிப் பாட்டு நின்றுவிட்டது. பிறகு ஒரு முழுத் தேவாரம். என் கையாலேயே பயற்றங்கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். ஐந்தாம் கிழமை, கை ஊன்றாமல் மூன்று தரம் எழும்பினார்! "இன்னும் ரண்டுதான் பிள்ளை, பிறகு கோயிலுக்கு நடந்து போறம்," என்றார். அவ்வளவு சந்தோசம் எனக்கு வேலையில் இருந்த காலத்திலும் வந்ததில்லை.

எங்களைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பாட்டுத்தான். நடுவறைக் கமராவுக்குக் கேட்டிருக்கிறது. அம்மா பாடும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் ஏதோ வருத்தம் என்று சுதன் பயந்து லீலாவை நெருக்கியிருக்கிறார். அவள் பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே எனக்கு அழைப்பு வந்தது. சுதன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"அன்ரி, நான் உங்களை மதிக்கிறனான். ஆனா நீங்கள்தானே வீடியோவிலை சொன்னனீங்கள், ஒருக்கால் விழுந்தால் காணும் எண்டு?"

"அது அரைவாசி தம்பி. மிச்சத்தையும் பாருங்கோ. அம்மா இருந்து இருந்துதான் கால் சத்துக்கெடுது."

"சரி அன்ரி. நான் ஒண்டு கேக்கிறன். அம்மா எழும்பேக்கை விழுந்து இடுப்பு முறிஞ்சால், நீங்கள் பொறுப்பெடுப்பியளோ?"

பெரியசேர் என்றால் "ஓம்" என்றிருப்பார். ஒரு நொடி யோசித்திருக்க மாட்டார். எனக்கு வந்ததோ வேறு யோசனை. இப்போது என் பின்னால் ஆஸ்பத்திரி இல்லை, ரிக்கற் இல்லை. அக்கா விழுந்துவிட்டால் அது முகநூலில் வரும். 'விழக்கூடாது என்று வீடியோ போட்டவவே விழுத்திப்போட்டா' என்று வரும். இத்தனை ஆயிரம் பேர் என்னைப் பார்க்கிறார்களே, என் பெயர் நாறிப்போகுமே! சீ, எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை, அதைத்தான் அந்த நேரம் யோசித்தேன்.

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி," என்றேன். யோசிக்க அதில் என்ன இருந்தது?

அதன் பிறகு சாமியறைக் கதிரையை எடுத்துவிட்டார்கள். நான் போனால் லீலா வாசலிலேயே நின்று, "அம்மா படுத்திருக்கிறா மிஸ்" என்பாள். அவள் கண் என்னைப் பார்க்காது. நானும் மெல்ல மெல்லப் போகாமல் விட்டேன்.

வீட்டில் இருந்துகொண்டு போனோடு மாரடித்தேன். முழுக் காணொளியையும் மறுபடி போட்டேன், ஒருவரும் பார்க்கவில்லை. 'எழும்ப விடுங்கள்' என்று புதிதாக ஒன்று எடுத்தேன், மெதுவாக, பயமுறுத்தாமல், விளக்கமாக. அதற்கு வந்தது ஏழெட்டுக் கும்பிடுகிற கைகளும் எண்ணெய்க் கேள்வி ஒன்றும். கடைசியில் என் பக்கத்திலிருந்த அந்தக் காணொளியையே அழித்தேன். அழித்து என்ன? வெட்டின துண்டு யார் யாருடைய பக்கத்திலோ ஓடிக்கொண்டேயிருந்தது. எழுதிக் கேட்டேன், ஒருவரும் எடுக்கவில்லை. ரிக்கற்றில் பிழையாக எழுதினால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைப்போம். இங்கே கோடு கீற இடமே இல்லை.

மாரி தொடங்கிய பிறகு, சுதன் நித்திரையாக இருக்கும் நேரம் பார்த்து லீலாவே என்னைக் கூப்பிட்டாள். அக்கா கட்டிலில் இருந்தார், இரண்டு பக்கமும் கம்பி உயர்த்திய கட்டில். நான் போர்வையை விலக்கிக் கெண்டைக்காலை என் விரல்களால் சுற்றிப் பிடித்தேன். விரல்கள் எட்டியதோடு நிற்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"எத்தினை மாக்ஸ் பிள்ளை?" என்று கேட்டார். குரல் காற்றுப்போல வந்தது.

"பாஸ் அக்கா," என்றேன். என் சேவையில் ஒரு நோயாளிக்கு நான் சொன்ன பச்சைப் பொய் அது.

தை மாதம் நெஞ்சில் சளி கட்டி, இருமி வெளியேற்றப் பலமில்லாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாலாம் நாள் பரமேஸ் அக்கா போய்விட்டார். மரணச் சான்றிதழில் நியூமோனியா என்று இருந்தது. நலிவு என்று யார் எழுதப் போகிறார்கள்? செத்த வீட்டில் எல்லோரும் சொன்னது, "வயசு போட்டுதுதானே."

சுதன் வந்து எல்லாக் கிரியைகளையும் முறையாகச் செய்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு என்னை வீடு தேடி வந்து அழைத்தார். போகாமல் விட மனம் துணியவில்லை. சாப்பாடு முடிந்ததும் நினைவு மலரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். வழுவழுப்பான தாள், அட்டையில் அக்கா பட்டுச்சேலையோடு. நன்றி நவிலல் என்ற கடைசிப் பக்கத்தில் வைத்தியர்கள், தாதியர், அயலவர் என்று பெயர்கள் வந்து, அதற்குக் கீழே, 'எங்கள் அன்னை மீண்டும் ஒருமுறையேனும் விழாது பாதுகாக்கத் தம் காணொளி மூலம் எமக்கு வழிகாட்டிய' என்று எழுதி, என் பெயர் முழுதாக இருந்தது.

எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுதன் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். தலை மொட்டையடித்திருந்தார், கண்கள் வீங்கிக் கிடந்தன.

"அன்ரி, அந்த வீடியோவை அழிச்சுப்போட்டியளாம். ஏன்? திருப்பிப் போடுங்கோ. கனபேருக்கு உதவும்," என்றார். "கிணத்தடியிலை விழுந்ததுக்குப் பிறகு அம்மா ஒருக்காலும் விழேல்லை அன்ரி. ஒருக்காலும். உங்களாலைதான்."

டொக்டர்மாரோடு சண்டை பிடித்த வாய் இது. அமைச்சர் ஒருவர் வாட்டுக்கு வந்தபோது, நோயாளி நடக்கிற வழியில் நிற்காதீர்கள் என்று விரட்டின வாய். அன்றைக்கு அதிலிருந்து உண்மை வரவில்லை. தாயைப் பறிகொடுத்தவரிடம், நீயும் நானும் சேர்ந்துதான் என்று எப்படிச் சொல்வது?

"ஓம் தம்பி, விழேல்லை," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இரண்டு பேரும் ஒன்றுக்காகத்தான் அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.